சினிமா சான்சுக்குப் போட்டோ: முகத்தைக் காட்டும் படமா, முகத்தை மறைக்கும் படமா?

சினிமாவில் நடிக்க வேண்டும்!

இந்த ஆசை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பள்ளிக்கூட நாடகத்தில் கைதட்டல் வாங்கிய பையன், திருவிழா மேடையில் ஆடிய பெண், கைபேசியில் வசனம் பேசி நண்பர்களைச் சிரிக்க வைக்கும் வாலிபன் - இவர்கள் எல்லோருடைய மனத்திலும் இந்த ஆசை ஒரு மூலையில் இருக்கிறது.

ஆசைப்படுவதில் தவறு இல்லை. நடிப்பும் ஒரு தொழில். கற்றுக் கொள்ளலாம், உழைக்கலாம், முன்னேறலாம்.

இந்தத் தொழிலுக்கு முதல் படி எது என்று கேட்டால், "நல்ல போட்டோ எடுத்து வை" என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால், நல்ல போட்டோ என்றால் என்ன? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாததால்தான் பல குடும்பங்களின் பணம் வீணாகிறது. பல பிள்ளைகளின் நம்பிக்கையும் உடைந்து போகிறது.

அம்மாவின் சங்கிலி

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாலிபன் சென்னைக்கு வருகிறான் என்று வைத்துக் கொள்வோம். கறுத்த முகம். வலது கன்னத்தில் ஒரு மச்சம். வெயிலில் வேலை செய்த உடம்பு. கையில், அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்த பணம்.

நேரே ஒரு ஸ்டூடியோவுக்குப் போகிறான். அங்கே அவன் முகத்தில் பவுடரைப் பூசுகிறார்கள். வாடகைக் கோட்டு ஒன்றை மாட்டுகிறார்கள். கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு படம். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து ஒரு படம். கையைக் கட்டிக் கொண்டு முறைத்து ஒரு படம். பிறகு கம்ப்யூட்டர் வேலை நடக்கிறது. முகம் வெளுக்கிறது. மச்சம் மறைகிறது. கன்னம் மெழுகுபோல் ஆகிறது.

கனமான ஆல்பம் ஒன்று கைக்கு வருகிறது. சங்கிலிப் பணத்தில் முக்கால்வாசி தீர்ந்து விடுகிறது.

ஆல்பத்துடன் அவன் சாலிகிராமத்தில் ஒரு படக் கம்பெனிக்குப் போகிறான். உதவி டைரக்டர் இரண்டு பக்கம் புரட்டுகிறார். மூடி வைக்கிறார். "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்.

அந்தக் கம்பெனி அன்று யாரைத் தேடிக் கொண்டிருந்தது தெரியுமா? கதாநாயகனின் தம்பியாக நடிக்க ஒரு கிராமத்து வாலிபனை! கறுத்த முகமும் வெயில் பட்ட உடம்பும் உள்ள ஒருவனை!

அவர்கள் தேடிய ஆள் அவர்கள் எதிரிலேயே நின்றான். ஆனால் அவன் விட்டுச் செல்லும் படங்களில் அந்த ஆள் இல்லை. மாலையில் டைரக்டர் வந்து படங்களைப் பார்க்கும்போது, கோட்டு போட்ட வேறு யாரோ ஒருவன்தான் அவர் கண்ணில் படுவான்.

இது கற்பனைக் கதை. ஆனால் இப்படி ஏமாறுகிறவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர்.

இரண்டு வகைப் படங்கள்

தவறு எங்கே நேர்ந்தது? சினிமா உலகில் இரண்டு வகைப் புகைப்படங்கள் உண்டு. ஒன்று விளம்பரப் படம். மற்றொன்று வாய்ப்புப் படம்.

விளம்பரப் படம், ஏற்கெனவே நட்சத்திரமாகி விட்டவருக்கு எடுப்பது. சுவரொட்டியிலும், காலண்டரிலும், பத்திரிகை அட்டையிலும் வருவது. பார்த்தவர் மயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வாய்ப்புப் படம், இனிமேல் வேலை தேடப் போகிறவருக்கு எடுப்பது. "நான் இப்படித்தான் இருப்பேன். இந்த வேடத்துக்குப் பொருந்துவேனா, பாருங்கள்" என்று சொல்வது. மயக்குவது அதன் வேலை அல்ல. அறிமுகம் செய்வதே அதன் வேலை.

வேலை தேடுகிற பிள்ளைகள் சிறு வயது முதல் பார்த்துப் பழகியது விளம்பரப் படங்களை மட்டுமே. ஆகவே அதையே நல்ல போட்டோ என்று நினைக்கிறார்கள். ஸ்டூடியோவிலும் அதையே கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுப்பது ஸ்டூடியோக்காரரின் தொழில். அவர் கொடுத்து விடுகிறார்.

ஹாலிவுட்டில் நடந்தது

இந்த இரண்டு வகைகளும் எப்படிப் பிரிந்தன என்பதை அமெரிக்காவின் சினிமா நகரமான ஹாலிவுட்டில் தெளிவாகக் காணலாம்.

1930-ஆம் ஆண்டுகளில் அங்கே பெரிய ஸ்டூடியோக்கள் நட்சத்திரங்களை மாதச் சம்பளம்போல் ஒப்பந்தத்தில் வைத்திருந்தன. அவர்களைப் படம் பிடிக்கவே தனிக் கலைஞர்கள் இருந்தார்கள். எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஜார்ஜ் ஹரெல் அவர்களில் புகழ் பெற்றவர். ஜோன் கிராஃபோர்டு என்ற நடிகையின் முகத்தில் இயற்கையாகவே சிறு சிறு புள்ளிகள் நிறைய உண்டு. ஹரெல் எடுத்த படத்தின் நெகட்டிவில், பென்சிலால் தொட்டுத் தொட்டு அந்தப் புள்ளிகளை எல்லாம் அழித்தார்கள். வெளி வந்த படம் பளிங்குச் சிலைபோல் இருந்தது.

ஆனால் அது விளம்பரப் படம். அந்த அம்மையாருக்கு அப்போது வேலை இருந்தது, சம்பளம் இருந்தது. படத்தைப் பார்த்து அவரை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

வேலை தேடி அலைந்தவர்களின் நிலை வேறு. ஸ்டூடியோ வாசல்களில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்யவும், இடையில் புகுந்து ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கவும் 1925-ல் "சென்ட்ரல் காஸ்டிங்" என்ற நிறுவனத்தை அங்கே ஏற்படுத்தினார்கள். ஆக, சினிமா வாய்ப்பைக் காட்டி ஏமாற்றும் வேலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி விட்டது!

நாளடைவில் வாய்ப்புப் படத்துக்கென்று ஒரு வழக்கம் அங்கே உருவாயிற்று. அதற்கு "ஹெட்ஷாட்" என்று பெயர். தலை முதல் தோள் வரை, அல்லது மார்பு வரை தெரியும் படம். 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம். பின்புறத்தில் நடிகரின் பெயர், உயரம், கற்ற வித்தைகள், நடித்த நாடகங்கள் ஆகிய விவரங்கள். நீண்ட காலம் இது கறுப்பு வெள்ளையிலேயே இருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் வண்ணப் படம் வழக்கத்துக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் காகிதமே இல்லை. கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்புகிறார்கள்.

அளவு மாறியது, நிறம் மாறியது, காகிதமும் போயிற்று. ஒரு விதி மட்டும் மாறவில்லை. படத்தில் இருப்பவரும், கதவைத் திறந்து உள்ளே வருகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்!

இங்கே போட்டோ எப்படி முக்கியமாயிற்று?

தமிழ் சினிமாவின் ஆரம்ப காலத்தில் போட்டோவுக்கு இவ்வளவு மதிப்பு இல்லை. காரணம், நாடக மேடை. பாய்ஸ் கம்பெனிகளிலும் நாடக சபைகளிலும் நடித்தவர்களே சினிமாவுக்கு வந்தார்கள். பட முதலாளி நாடகத்துக்குப் போவார், நடிப்பைக் கண்ணால் பார்ப்பார், பிடித்திருந்தால் அழைப்பார்.

1952-ல் வந்த "பராசக்தி" இதற்கு நல்ல உதாரணம். சிவாஜி கணேசன் அப்போது மிகவும் ஒல்லியாக இருந்தார். "இவர் வேண்டாம், வேறு ஒருவரைப் போடலாம்" என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அவரைக் கொண்டு வந்த பட முதலாளி பி.ஏ.பெருமாள் அசையவில்லை. ஏன்? அவர் கணேசனின் நடிப்பை நாடக மேடையிலேயே பார்த்திருந்தவர். அந்த உறுதியால் தமிழுக்கு ஒரு மாபெரும் நடிகர் கிடைத்தார்.

நாடக சபைகள் குறைந்தன. நடிக்க வருகிறவர்களின் தொகை பெருகிற்று. யார் எங்கே நடித்தார் என்று போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்த இடத்தைப் போட்டோ பிடித்துக் கொண்டது. கோடம்பாக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஆல்பம் இருந்தது.

இன்றைக்கு ஆல்பமும் பழசாகி விட்டது. வாட்ஸ்அப்பில் படம் போகிறது. பார்ப்பவர் கைபேசியில், உள்ளங்கை அளவுத் திரையில் பார்க்கிறார். ஒரு வேடத்துக்கு ஏராளமான படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் சில விநாடிகள்தான் பார்க்க முடிகிறது. அந்த விநாடிகளில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். கோட்டும் மோட்டார் சைக்கிளும் தெரிந்து என்ன பயன்?

டைரக்டர் எதைத் தேடுகிறார்?

ஒரு படத்தில் கதாநாயகன் ஒருவர். கதாநாயகி ஒருவர் அல்லது இருவர். மற்றவர்கள்? டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், நர்சு, வாத்தியார், பக்கத்து வீட்டு அத்தை, கல்லூரித் தோழி, போலீஸ்காரர். புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கக் கூடிய வேடங்களில் பெரும்பாலானவை இவையே. இவற்றுக்குத் தேவை பளிங்கு முகம் அல்ல. நம்பக் கூடிய முகம்.

2014-ல் வெளிநாட்டுப் பட விழாவில் காட்டப்பட்டு, 2015-ல் திரைக்கு வந்த "காக்கா முட்டை" படத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவர்களாக நடித்த இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பெற்றார்கள். 2021-ல் நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் பட விழாவில் முதல் பரிசான புலி விருதைப் பெற்ற "கூழாங்கல்" படத்திலும், வெயிலில் நடக்கும் அந்தச் சிறுவனின் முகத்தை யாரும் மெருகேற்றவில்லை. அந்த முகத்தில் இருந்த உண்மைதான் கடல் கடந்து பேசிற்று.

மச்சமும், வழுக்கையும், தெத்துப் பல்லும் குறைகள் அல்ல. ஒரு வேடத்துக்கு அவையே தகுதி ஆகலாம்.

கறுப்பு நிறமும் கேமராவும்

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் கேட்காமலே செய்யும் வேலை, முகத்தை வெளுக்க வைப்பது. "கறுப்பாக இருந்தால் சான்ஸ் வராது" என்று வீட்டிலும் சொல்லி விடுகிறார்கள்.

1975-ல் "அபூர்வ ராகங்கள்" படத்தில் கே.பாலசந்தர் ஒரு புதிய நடிகரை அறிமுகப்படுத்தினார். கறுத்த முகம், கலைந்த முடி. அவர்தான் ரஜினிகாந்த். நிறம் அவர் வழியை அடைத்ததா? விஜயகாந்தின் வழியைத்தான் அடைத்ததா?

பெண்களுக்கு இந்தத் தடை இன்னும் கடுமையாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் படத்தை வெளுக்க வைப்பதால் அந்தத் தடை நீங்காது. நேரில் போகும்போது உண்மை தெரிந்து விடும். அப்போது ஏமாற்றம் இரு தரப்புக்கும்தான்.

கறுத்த முகம் படத்தில் சரியாக விழாததற்குக் கேமராவும் ஒரு காரணம். வண்ணப் பிலிம் வந்த காலத்தில், அமெரிக்காவின் கோடாக் கம்பெனி நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை அச்சுக் கூடங்களுக்குக் கொடுத்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அதற்கு "ஷெர்லி அட்டை" என்று பெயர். வெள்ளைத் தோல் சரியாக வந்தால் போதும் என்றே வேலை நடந்தது. கறுத்த முகங்கள் இருட்டாக விழுந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகே இது திருத்தப்பட்டது.

இப்போதும் ஒரு சிக்கல் உண்டு. கறுத்த முகம் உடையவரை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால், கேமரா சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து, படம் முழுவதையும் இருட்டாக்கி விடும். தவறு முகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. சாம்பல், இளநீலம், மண் நிறம் போன்ற சுவருக்கு முன்னால், சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி நிறுத்தினால், அதே முகம் பொலிவாக விழும். மாவைப் பூசித் தீர்க்க முடியாததை, நிற்கும் இடத்தை மாற்றித் தீர்த்து விடலாம்!

எப்படி எடுப்பது?

வசதி உள்ளவர்கள் தேர்ந்த புகைப்படக்காரரிடம் போகலாம். அவர் முன்பு எடுத்த படங்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லா முகங்களும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்தால், அவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர். ஒவ்வொரு முகமும் வெவ்வேறு மனிதராகத் தெரிந்தால், அவரிடம் எடுத்துக் கொள்ளலாம். எத்தனை படம், எவ்வளவு பணம் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்து கொள்ள வேண்டும்.

வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். வீட்டிலேயே, நல்ல கைபேசி ஒன்றைக் கொண்டு ஆரம்பப் படங்களை எடுத்து விடலாம். கவனிக்க வேண்டியவை இவை:

வெளிச்சம்: காலையிலோ மாலையிலோ, நேர் வெயில் படாத ஜன்னல் அருகே ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். வீட்டுத் திண்ணை நிழலும் நல்லது. உச்சி வெயில் கூடாது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்ததுபோல் நிழல் தெரியும்.

தூரம்: கைபேசியை முகத்தருகே கொண்டு போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். தானே கையை நீட்டி எடுக்கும் படத்தில் இந்தக் குறை எப்போதும் இருக்கும். வேறு ஒருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, கைபேசியில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் முகம் உள்ளபடி வரும்.

உயரம்: கேமரா, நடிப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுத்தால் முகத்தின் அமைப்பு மாறி விடும்.

கண்: கண்கள் இரண்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். பார்வை கேமராவைச் சந்திக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். கண்ணை மறைத்து விட்டால் நடிகரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

உடை: ஒரே நிறமுள்ள சாதாரணச் சட்டை, சேலை அல்லது சுடிதார். பெரிய பூ, கட்டம், எழுத்து, கம்பெனி முத்திரை கூடாது. பார்ப்பவர் கண் முகத்தை விட்டு உடைக்குப் போய்விடும்.

ஒப்பனை: வீட்டு விசேஷத்துக்குப் போகும் அளவில் இருந்தால் போதும். எண்ணெய்ப் பளபளப்பைத் துடைத்து விட்டால் பாதி வேலை முடிந்தது.

பாவம்: ஒன்றும் நினைக்காமல் நின்றால் கண் வெறுமையாக விழும். மனத்தில் ஏதாவது ஒன்றை நினைக்க வேண்டும். ஊருக்குப் போன அண்ணன் திரும்பி வருவதாக நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். உதடு அசையாமலே முகம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் படம் பிடிக்க வேண்டும்.

நாலைந்து படங்கள் போதும். நேராகப் பார்க்கும் முகம் ஒன்று. சிரித்த முகம் ஒன்று. பக்கவாட்டு முகம் ஒன்று. தலை முதல் கால் வரை ஒன்று. நாற்பது படம் அனுப்பினால் நாற்பதையும் பார்க்க மாட்டார்கள்.

திருத்தம்: இன்று வந்து அடுத்த வாரம் போய்விடும் முகப்பருவை நீக்கலாம். என்றும் இருக்கும் மச்சத்தையும் தழும்பையும் நீக்கக் கூடாது.

முடியை வெட்டினாலும், தாடி வளர்த்தாலும், உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் புதிய படம் எடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முந்தைய படம் உங்கள் படம் அல்ல. உங்கள் தம்பியின் படம்!

படத்துடன் பெயர், வயது, உயரம், பேசத் தெரிந்த மொழிகள், எந்த வட்டாரப் பேச்சு வரும், நீச்சல், சிலம்பம், சைக்கிள், பாட்டு முதலிய தெரிந்த வித்தைகள், நடித்த நாடகங்கள் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுத வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால், படப்பிடிப்பு நாளில் வெட்கப்பட நேரும்.

கம்ப்யூட்டர் படைக்கும் முகம்

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. செயற்கை அறிவு என்கிறார்கள். கைபேசியில் சில படங்களைக் கொடுத்தால், அதே ஆளைக் கோட்டு போட்டும், வேறு ஊரில் நிற்க வைத்தும் புதிய படங்களைக் கம்ப்யூட்டரே செய்து கொடுத்து விடுகிறது. செலவு குறைவு. அழகும் அதிகம்.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் உலகத்தில் எங்கும் இல்லை! அந்த மூக்கு சற்று வேறு. அந்தக் கண் சற்று வேறு. ஸ்டூடியோவில் மச்சத்தை மறைத்த அதே தவறைத்தான் இது இன்னும் வேகமாகச் செய்கிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்பின் தெரியாத இடத்தில் முகத்தைக் கொடுத்து விட்டால், அந்த முகத்தை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள்? நடிகருக்கு முகம்தான் சொத்து. 2023-ல் அமெரிக்க நடிகர் சங்கத்தார் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை வேலை நிறுத்தம் செய்தார்கள். மொத்தம் 118 நாட்கள். சம்பளத்துடன் அவர்கள் எழுப்பிய முக்கியமான கேள்வி இதுதான்: நடிகரின் சம்மதம் இல்லாமல் அவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துப் பயன்படுத்தலாமா? நகல் எடுக்கச் சம்மதம் வேண்டும், பணமும் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இடம் பெற்ற பிறகே வேலை நிறுத்தம் முடிந்தது.

அனுபவம் உள்ள நடிகர்களே தங்கள் முகத்துக்காக இப்படிப் போராடும்போது, புதியவர்கள் அதை யாரிடமும் சும்மா கொடுத்து விடலாமா?

போட்டோ பெயரில் மோசடி

இனி, பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய பகுதி.

"புதிய படத்துக்குப் புதுமுகம் தேவை" என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. பெரிய கம்பெனியின் பெயர் இருக்கிறது. பெரிய டைரக்டரின் படமும் இருக்கிறது. போட்டோ அனுப்பியவுடன், "நீங்கள் தேர்வாகி விட்டீர்கள்" என்று பதில் வருகிறது. மறுநாள், "பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்கிறார்கள். அல்லது, "உங்கள் போட்டோ சரியில்லை. எங்கள் ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்" என்கிறார்கள். பணம் போகிறது. பிறகு போன் எடுப்பாரில்லை.

இந்த மோசடியை அடையாளம் காண ஒரே ஒரு விதி போதும். வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார். பணம் கேட்க மாட்டார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே 2009-ல் ஒரு சட்டம் செய்தது. 2010 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. நடிகருக்கு வாய்ப்புத் தேடித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. அங்கே ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. பொதுவாக நூற்றுக்குப் பத்து. ஆனால் நடிகர் சம்பளம் வாங்கிய பிறகே அவருக்குப் பங்கு.

இங்கே இப்படித் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஏமாற்றிப் பணம் பறிப்பது குற்றமே. முன்பு 420 என்று எல்லோரும் அறிந்திருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 318-வது பிரிவாகி இருக்கிறது. கைபேசி வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள், சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் லாபம் மோசடிக்காரனுக்குத்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

கேரள அரசு 2017-ல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியாயிற்று. சினிமாவில் நுழையும் வாசலிலேயே, வாய்ப்புக்குப் பதிலாகத் தகாத கோரிக்கைகள் வைக்கப்படுவதாகப் பெண்கள் சொன்னதை அது பதிவு செய்தது. அது மலையாளப் பட உலகைப் பற்றிய அறிக்கை. ஆனால் அதிலுள்ள எச்சரிக்கை எல்லா ஊருக்கும் பொருந்தும்.

படம் எடுக்கப் போகும்போது அம்மாவோ, அக்காவோ, தோழியோ உடன் போக வேண்டும். உடன் வருகிறவரை வெளியே நிறுத்தச் சொல்கிற இடத்தில் ஒரு நிமிஷமும் இருக்க வேண்டாம். ஓட்டல் அறையில் தேர்வு என்றால் போக வேண்டாம். உடம்பைக் காட்டும் படத்தை அனுப்பு என்று யார் கேட்டாலும், அது நடிப்புத் தேர்வு அல்ல. முகமும் குரலும் நடிப்பும் பார்க்கத்தான் தேர்வு.

அதே சமயம், பெற்றோர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆசையைச் சொன்ன பெண்ணை அடித்து அடக்கினால், அவள் சொல்லாமல் போட்டோ அனுப்புவாள். அதுதான் பெரிய ஆபத்து. "வா, நானும் உடன் வருகிறேன்" என்று சொல்லும் தாயின் மகளை ஏமாற்றுவது யாருக்கும் எளிதல்ல.

கதவைத் திறக்கும் சாவி

போட்டோ ஒரு சாவி. கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போனபின் நடிக்கத் தெரிய வேண்டும். ஆகவே போட்டோவுக்குச் செலவழிக்கும் பணத்தைக் குறைத்து, அந்தப் பணத்தில் நடிப்பைக் கற்றுக் கொள்வதே மேல். ஊரிலேயே நாடகக் குழு இருந்தால் சேரலாம். தெருக்கூத்தைக் கூர்ந்து பார்க்கலாம். வசனத்தை உரக்கப் படித்துப் பழகலாம்.

மதுரைப் பக்கத்து வாலிபன் என்ன ஆனான்?

அவன் அறைத் தோழன் ஒருநாள் மாலை, ஜன்னல் ஓரத்தில் அவனை நிற்க வைத்து, ஆறு அடி தள்ளி நின்று, கைபேசியில் ஒரு படம் எடுக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். நீலச் சட்டை. மச்சம் அதன் இடத்திலேயே இருக்கிறது. அவன் அம்மாவை நினைத்துக் கொள்கிறான். கண்ணில் ஏதோ ஒன்று தெரிகிறது.

அந்தப் படத்தைப் பார்த்து ஒரு டைரக்டர் அவனை அழைக்கலாம், அழைக்காமலும் போகலாம். அதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அழைத்தால், அவர் அழைத்தது அவனைத்தான். கோட்டு போட்ட வேறு எவனையோ அல்ல.

அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பினால் அம்மாவும் பார்ப்பாள். ஆல்பத்தைப் பார்த்தபோது, "இது யாருடா?" என்று கேட்டவள், இப்போது கேட்க மாட்டாள்.

பெற்றவள் பார்த்தவுடன் "என் மகன்!" என்று சொல்ல வேண்டும். அதுவே நல்ல போட்டோ!